பவுனு வீசிய கன்றும் அண்ணாமலையார் தந்த பதிலும்

ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம், பால் கறந்துகொண்டிருந்தபோது எனக்குக் குளிர் எடுத்தது. வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. மடியில் வைத்த கை நடுங்கியது. பாத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய்ப் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்தேன். பொழுது விடியும்போது புடவை, பாய், தலையணை எல்லாம் வியர்வையில் நனைந்து கிடந்தன. காய்ச்சல் விட்டிருந்தது. மழைக் காய்ச்சல்தான், போய்விட்டது என்று எழுந்து சாணி அள்ளப் போனேன். அன்று சாயங்காலம் அதே நேரத்துக்கு அது திரும்பி வந்தது.

ஆவணி போனது. புரட்டாசி போனது. காய்ச்சல் மட்டும் போகவில்லை. காலையில் மனுஷியாக இருப்பேன். பொழுது சாய ஆரம்பித்தால் எனக்குள் பயம் வந்துவிடும். இடுப்பு எலும்பை யாரோ பிடித்துத் திருகுகிற மாதிரி வலி. சோறு இறங்கவில்லை. ரவிக்கை எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது.

அண்ணாமலையாரை நம்புகிற உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. அந்த மாதங்களில் நான் சாகப் போகிறேன் என்றே நினைத்தேன். அப்புறம், சீக்கிரம் செத்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

என் பெயர் கஸ்தூரி. ஊர் அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையிலிருந்து ஒரு சந்து தள்ளி எங்கள் வீடு, வீட்டை ஒட்டியே மாட்டுக் கொட்டகை. பிறந்ததும் அங்கேதான், கல்யாணமாகி இருப்பதும் அங்கேதான். அப்பாவுக்கு ஆண்பிள்ளை கிடையாது. அவர் காலத்துக்குப் பிறகு மாடுகளைக் கொடுத்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். எனக்காகவே என் வீட்டுக்காரர் சேகர் எங்கள் வீட்டோடு வந்து இருக்கச் சம்மதித்தார். அவர் செங்கம் ரோட்டில் ஒரு தங்கும் விடுதியில் வேலை பார்க்கிறார். ஒரே மகள், யாழினி. ஆறாவது படிக்கிறாள்.

வெளியூர்க்காரர்களுக்குப் பௌர்ணமி என்றால் கிரிவலம். எங்களுக்குப் பௌர்ணமி என்றால் டீக்கடைகளுக்கு ஜாஸ்தி பால் ஊற்ற வேண்டிய நாள். லட்சக்கணக்கில் ஜனங்கள் எங்கள் சந்து முனையைத் தாண்டிப் போவார்கள். நான் கேனைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைக் குறுக்கே வெட்டிப் போவேன். பாதையிலேயே குடியிருந்தும் மலையை நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றியதில்லை. சாமி பக்கத்தில்தானே இருக்கிறார், எங்கே போய்விடப் போகிறார் என்ற எண்ணம்.

எனக்குக் கை மெலிசு. அதை இங்கே சொல்லியாக வேண்டும். கன்று வயிற்றுக்குள் திரும்பிக் கிடந்தால் அப்பாவின் தடித்த கை உள்ளே போகாது. சின்ன வயதிலேயே என்னைத்தான் கூப்பிடுவார். தோள்வரை தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு கையை உள்ளே விட்டு, மடங்கிக் கிடக்கிற காலைத் தேடி நேராக்குவேன். முதலில் அழுதேன். போகப் போக அது எனக்குப் பெருமையாகிவிட்டது. அக்கம்பக்கத்திலும் கூப்பிட ஆரம்பித்தார்கள். “கஸ்தூரி கைய விட்டா கன்னு வந்துடும்பா” என்று பேசிக்கொள்வார்கள். கன்று விழுந்த பிறகு நஞ்சுக்கொடி தானாக விழ வேண்டும். விழாமல் தங்கிவிட்டால் அதையும் நான்தான் பிரித்து எடுப்பேன். எடுத்ததை வைக்கோலில் சுற்றி, பழைய சாக்கில் கட்டி, ஏரிக்கரை ஆலமரத்தில் தொங்க விடுவோம். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் ஊறும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எப்போது போய்ப் பார்த்தாலும் அந்த மரத்தில் ஒரு மூட்டையாவது தொங்கிக்கொண்டிருக்கும்.

எனக்குக் காய்ச்சல் வருவதற்கு முந்தின மாதம், ஆனியில், எங்கள் பசு கோமதி கன்று வீசிவிட்டது. வீசுவது என்றால் மாதம் நிறையும் முன்பே செத்துப் பிறப்பது. வெயிலில் நின்றது, யாரோ கண் வைத்தது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கொடி தங்கிவிட்டது. வழக்கம்போல நானே எடுத்து, வழக்கம்போல ஆலமரத்துக்குக் கொண்டு போனேன். அதோடு அதை மறந்தும் போனேன்.

காய்ச்சலுக்கு டவுனில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டைபாய்டு மாதிரி தெரிகிறது என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாப்பிடுகிறவரை கேட்டது, நிறுத்தியதும் வந்துவிட்டது. இன்னொருவரைப் பார்த்தோம். ஸ்கேன் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள், சளியைப் பரிசோதித்தார்கள். எதிலும் ஒன்றுமில்லை. போன இடத்தில் எல்லாம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். “வீட்லதான் சார் இருக்கேன்” என்றேன். எங்கள் பக்கத்தில் எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாள். விடியும் முன் எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து, புல் அறுத்து, தீவனம் கலக்குகிற ஒருத்தியும் அதை வேலை என்று வாயால் சொல்ல மாட்டாள். மாதச் சம்பளம் வந்தால்தான் எங்களுக்கு வேலை.

வேங்கிக்காலிலிருந்து என் நாத்தனார் வந்தாள். என்னைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. சளியில் டி.பி. கிருமி இல்லை என்று சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தாள். “கொழந்தைய இவ பக்கத்துல படுக்க வெக்காத சேகரு” என்று அவர் காதில் சொன்னது என் காதிலும் விழுந்தது. அன்றிலிருந்து யாழினி முன் அறையில் படுத்தாள். அவளுடைய சின்ன இருமல் சத்தத்தைக்கூட நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துதான் கேட்டேன். நாத்தனார் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவள் சொல்வது உண்மையாக இருந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

சேகர் பால் கறக்க ஆரம்பித்தார். பாவம், அவருக்கு அது வராது. பவுனு அவரை உதைத்துத் தள்ளினாள். பவுனு எங்கள் வீட்டிலேயே பிறந்து வளர்ந்த பசு, என் கையைத் தவிர வேறு கை பட்டால் பிடிக்காது. அப்போது அவள் சினையாக வேறு இருந்தாள். ஒரு நாள் சேகர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மாட்டெல்லாம் குடுத்துடலாம் கஸ்தூரி. நீ இருந்தா போதும்.”

“மாடு இல்லாம நான் இருந்து என்னாங்க பண்றது.”

“அப்போ மாடு இருந்து நீ இல்லனா நான் என்னா பண்றது?”

அவர் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. அதைக் கேட்ட பிறகுதான், அவரும் நான் பிழைக்க மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டார் என்பது எனக்குப் புரிந்தது. அவர் எழுந்து போன பிறகு வெகுநேரம் அழுதேன்.

எங்கள் ஊர்க் கோயிலில் பிரதோஷ அபிஷேகத்துக்குப் பால் கொடுப்பது அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக் கடமை. ஐப்பசிப் பிரதோஷத்துக்கு நானே கொண்டு போகிறேன் என்று சொன்னேன். சேகர் வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். பாலைக் குருக்களிடம் கொடுத்துவிட்டு ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். காய்ச்சல் ஏற ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

எனக்குப் பதிகம் பாடத் தெரியாது. என் பாஷையில்தான் கேட்டேன். “சாமி, மாட்டுக்கு உள்ள கன்னு எப்பிடிக் கெடக்குதுன்னு தெரியலனா நான் கைய விட்டுப் பாத்துடுவேன். எனக்கு உள்ள என்னா இருக்குதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. நீ கைய விட்டுப் பாரு. எடுக்கணும்னா எடு. இல்ல, என்னையே எடுத்துக்கோ. இப்பிடி வெச்சிருக்காத.” இவ்வளவுதான் என் பிரார்த்தனை. நேர்த்திக்கடன் ஒன்றும் வைக்கவில்லை. வைக்கத் தெம்பு இல்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. நல்ல மழை. மதியம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது கொட்டகையில் பவுனு முனகுகிற சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கன்றை வீசிவிட்டிருந்தாள். கிடேரி, பெண் கன்று. முடிகூடச் சரியாக முளைக்காமல் ஈரத் தரையில் கிடந்தது. பவுனு அதை நக்கிக்கொண்டே இருந்தாள். நக்கினால் எழுந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, நிறுத்தவேயில்லை.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மலையைப் பார்த்துத் திட்டினேன். வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னேன். என்னை எடு என்றுதானே கேட்டேன், வாயில்லாத ஜீவனின் கன்றை எடுக்கிறாயே, நீ எல்லாம் ஒரு சாமியா என்று கத்தினேன். மலை மேகத்துக்குள் இருந்தது. வீட்டுக்குள் போய், அடுக்களையில் மாட்டியிருந்த சாமி படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். இனிமேல் இந்த வீட்டிலிருந்து கோயிலுக்கு ஒரு சொட்டுப் பால் போகாது என்று முடிவு செய்தேன்.

அந்த மழையில் நனைந்துகொண்டே சேகர் வந்தார். அதற்குள் வெகுநேரம் ஆகியும் பவுனுவுக்கு நஞ்சுக்கொடி விழவில்லை. நான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தேன். கையைத் தூக்க முயன்றேன். தோளுக்கு மேலே கை போகவில்லை. வேறு வழியில்லாமல் சேகர் கால்நடை டாக்டருக்குப் போன் பண்ணினார். எங்கள் வீட்டு மாட்டுக்குக் கொடி எடுக்க டாக்டரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. என் கை நன்றாக இருந்திருந்தால் அன்றும் கூப்பிட்டிருக்க மாட்டோம்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா வந்தார். தோள்வரை நீளமான பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொண்டு பவுனுவைப் பார்த்தார். உள்ளே மருந்து வைத்துவிட்டு, குனிந்தபடியே என்னிடம் பேசினார்.

“இதுக்கு முன்னாடி வேற மாடு எதாச்சும் வீசிச்சாம்மா?”

“ஆனியில கோமதி வீசிச்சு மேடம்.”

“அப்போ கொடி தானா விழுந்துதா?”

“இல்ல மேடம், நான்தான் எடுத்தேன்.”

“கையுறை போட்டுக்கிட்டா?”

“வெறுங்கைதான்.”

அவர் நிமிர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் ஸ்வெட்டருக்கு மேல் போர்வை போர்த்திக்கொண்டு நின்றேன்.

“உங்களுக்குக் காய்ச்சல் எவ்ளோ நாளா இருக்குது?”

எனக்குக் காய்ச்சல் என்று நான் அவரிடம் சொல்லவேயில்லை. சேகர்தான் ஆடியிலிருந்து நடந்ததை எல்லாம் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டார். சாயங்காலம்தானே வருகிறது, வியர்க்கிறதா, இடுப்பு வலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றோம்.

“மாடு வெச்சிருக்கீங்கன்னு டாக்டருங்ககிட்ட சொன்னீங்களா?”

“என்னா வேலைன்னு கேட்டாங்க மேடம். வீட்ல இருக்கேன்னு சொன்னேன்.”

அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. “கன்னு வீச்சு நோய்னு ஒண்ணு இருக்குதும்மா. வீசுன மாட்டுல வெறுங்கைய விட்டா மனுசங்களுக்கும் வரும். உங்களுக்கு அதுதான்னு நான் சொல்ல மாட்டேன், ரத்தத்துல பாக்கணும். இந்த தடவ ஆஸ்பத்திரிக்குப் போனா, மாட்டுக்குப் பிரசவம் பாக்கறேன்னு சொல்லுங்க. அதுக்குன்னு தனி டெஸ்ட் இருக்குது” என்றார். பவுனுவிடமும் கோமதியிடமும் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாடு, கன்று, கை எல்லாவற்றையும் சொன்னேன். அந்த டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, “இத ஏம்மா முன்னாடியே சொல்லல” என்றார். ரத்தம் வெளியூருக்குப் போய், முடிவு வந்தது. டாக்டரம்மா சந்தேகப்பட்ட அதே நோய். இரண்டு மாடுகளுக்கும் அதுதான். யாழினிக்கும் சேகருக்கும் பரிசோதனை செய்தார்கள். அந்த முடிவு வருகிறவரை நான் பட்ட பாட்டை எழுதத் தெரியவில்லை. இருவருக்கும் இல்லை என்று வந்தது. யாழினியைப் பக்கத்தில் இழுத்துப் படுக்க வைத்துக்கொண்டேன். அவள் தலையில் இருந்த எண்ணெய் வாசனையை அப்படி நான் முகர்ந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

அப்போதுதான் அப்பாவின் நினைவு வந்தது. கடைசி வருஷங்களில் அவருக்கும் பொழுது சாய்ந்தால் உடம்பு சுடும். முதுகு கூனிவிட்டது. உழைத்த உடம்பு, வலிக்கத்தான் செய்யும் என்று நாங்களும் சொன்னோம், அவரும் சொன்னார். எங்கள் கொட்டகையில் அப்போதும் மாடுகள் வீசியிருக்கின்றன. அவருக்கும் இதுதானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அவரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டேன். வயிறு புரட்டும், சிறுநீர் செங்கல் நிறத்தில் போகும். கார்த்திகை தீபத்தன்று காய்ச்சல் விட்டது என்று சொன்னால் கேட்பதற்கு நன்றாக இருக்கும். விடவில்லை. உச்சியில் தீபம் ஏறியபோது ஊரே அரோகரா சொன்னது, நான் வாசலில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு பார்த்தேன். மார்கழியில் ஒரு சாதாரண நாள், குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது வெளியே இருட்டிவிட்டதைக் கவனித்தேன். உடம்பைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. கையில் புளியோடு அப்படியே நின்று அழுதேன். அப்புறம் கையைக் கழுவிவிட்டு, சாமி படத்தை நேராகத் திருப்பி வைத்தேன்.

எனக்குள் கையை விட்டுப் பார் என்று நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லிவிட்டிருந்தார். பவுனு வீசியிருக்காவிட்டால் டாக்டரம்மா எங்கள் வாசலுக்கு வந்திருக்க மாட்டார். அந்தப் பதிலைத்தான் நான் திட்டித் தீர்த்தேன்.

நஷ்டம் இல்லாமல் எதுவும் முடியவில்லை. ஊருக்குத் தெரியும் முன் பவுனுவையும் கோமதியையும் சந்தையில் தள்ளிவிடச் சொன்னார்கள் சிலர். இன்னொரு வீட்டுக் கொட்டகைக்கு இதைக் கொண்டுபோய் விட எனக்கு மனசு வரவில்லை. பின்பக்கம் தனியாகக் கொட்டகை போட்டு வைத்திருக்கிறோம். கறவை கிடையாது, இனி சினையும் கிடையாது. பால் வாங்குகிற வீடுகளில் விஷயத்தை நானே போய்ச் சொன்னேன், நன்றாகக் காய்ச்சிக் குடியுங்கள் என்றேன். சிலர் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். கோயிலுக்குப் போய்க் குருக்களிடமும் சொன்னேன், மற்ற மாடுகளைப் பரிசோதித்து முடிகிறவரை பால் தர மாட்டேன் என்று. “அதுவரைக்கும் ஒரு குடம் தண்ணி கொண்டாம்மா, அவருக்கு அதுவும் அபிஷேகம்தான்” என்றார். மாசிவரைக்கும் தண்ணீர்தான் கொண்டு போனேன். இப்போது மறுபடியும் பால் போகிறது.

என் வேலையை நான் விடவில்லை. யார் கூப்பிட்டாலும் போகிறேன், கையுறை இல்லாமல் மாட்டைத் தொடுவதில்லை. நஞ்சுக்கொடியை ஆலமரத்தில் கட்ட விடுவதில்லை, சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்கச் சொல்கிறேன். கிடேரிக் கன்றுகளுக்கு இதற்குத் தடுப்பூசி உண்டு, போட வைக்கிறேன். “வந்துட்டாங்கப்பா அடி அண்ணாமல டாக்டரம்மா” என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். வீட்டில் யாருக்காவது சாயங்காலக் காய்ச்சல் இருக்கிறதா என்று அந்தக் கேலிக்கு நடுவிலேயே கேட்டுவிடுகிறேன்.

கஷ்டத்தில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கேட்டது கிடைக்காமல், இருந்ததும் போகிற நாள் ஒன்று வரும். அன்றைக்கு சாமி மேல் கோபம் வந்தால் தாராளமாகக் கோபப்படுங்கள். நான் திட்டாத திட்டா? ஆனால் எழுந்து போய்விடாதீர்கள். அவர் எதிரிலேயே உட்கார்ந்து திட்டுங்கள். உங்களுக்கு உதவி எந்த முகத்தோடு வாசலில் வந்து நிற்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் கைவிட மாட்டார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

போன பௌர்ணமிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பால் கேனைச் சேகரிடம் கொடுத்துவிட்டு, யாழினியோடு கிரிவலம் கிளம்பினேன். இடுப்பு பழையபடி ஆகவில்லை. பாதி தூரத்தில் வலி வந்து, பாதை ஓரமாக உட்கார்ந்துவிட்டோம். ஜனங்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். யாழினி கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“ஏம்மா, பவுனு கன்னு செத்ததாலதான நீ பொழச்ச? அப்போ அது செத்ததுக்கு சாமிக்கு நன்றி சொல்லணுமா?”

ஈரத் தரையில் பவுனு கன்றை நக்கிக்கொண்டிருந்தது கண் முன்னால் வந்தது.

“அதுக்குச் சொல்ல எனக்கு வாய் வரலடி” என்றேன். “நீ என் பக்கத்துல உக்காந்து இதக் கேக்குற பாரு. அதுக்குத்தான் தெனமும் சொல்றேன்.”